நடுவழியில் நின்றுபோன எக்ஸ்எல்: பட்டறை வரை ஓட்டிச் சேர்ப்பது எப்படி

1980-ல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து இந்த வகை மொபெட்டின் தலையெழுத்து ஒன்றுதான்: தாங்குவதைவிடக் கூடுதல் பாரம், நல்ல ரோடு இல்லாத ஊர், பக்கத்தில் பட்டறை இல்லாத நேரம். பால் கேனோ கீரைக்கட்டோ ஏற்றிக்கொண்டு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும் வண்டி நின்றால், கையில் இருப்பதை வைத்துச் சமாளித்தாக வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 70 சிசி டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல், எக்ஸ்எல் சூப்பர், பெடல் வைத்த பழைய டிவிஎஸ் 50 ஆகியவற்றுக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வைத்திருப்பவர்களுக்குச் செயின், கேபிள், பஞ்சர் பகுதிகள் மட்டும் பொருந்தும். அதிலும் புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியில் கார்ப்ரேட்டரே கிடையாது; அதன் பெட்ரோல் பக்கம் ரோட்டோரத்தில் கைவைக்காதீர்கள்.

தற்காலிக ஒட்டு எதுவாக இருந்தாலும் அதற்கு ஓர் ஆயுள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறோம். அந்தத் தூரம் தாண்டியும் "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டவர்களின் வண்டிதான் அடுத்த வாரம் மீன்பாடி வண்டியில் ஏறி வருகிறது.

சீட்டுக்கு அடியில் கிடக்க வேண்டியவை: 21-ம் நம்பர் பிளக் ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர், ஒரு நல்ல பிளக், செயின் லாக் (செயினை இணைக்கும் கண்ணி) ஒன்று, ஸ்க்ரூ நிப்பிள் (கேபிள் முனையில் திருகி இறுக்கும் குமிழ்) இரண்டு, ஒரு முழம் பழைய சைக்கிள் டியூப், இரண்டு மீட்டர் கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், உப்புத்தாள் துண்டு, 40 மிலி டூ-டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் ஆயில்) பாக்கெட், பாதித் துணி சோப்பு. சோப்பு எதற்கு என்பது கீழே வரும்.

## அறிகுறி 1: எவ்வளவு அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் காசு செலவில்லாத மூன்று: பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சாவி ஆன் நிலையில் இருக்கிறதா, பிளக் கேப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. மெயினில் பெட்ரோல் தீர்ந்திருந்தால் ரிசர்வுக்குத் திருப்புங்கள். ரிசர்வும் தீர்ந்தது போலிருந்தால் டேங்க் மூடியைப் பூட்டிவிட்டு, பெட்ரோல் குழாய் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்துப் பத்து எண்ணி நிமிர்த்துங்கள். எதிர்ப்பக்க மூலையில் தேங்கியது இந்தப் பக்கம் வந்துவிடும். பங்க் பக்கத்தில் இருந்தால் அது போதும்.

இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் முனை ஈரமா, காய்ந்திருக்கிறதா? இனி எந்த வழியில் போவது என்பதை அதுதான் சொல்லும்.

### 1அ. பிளக் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால்

பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது.

பெட்ரோல் குழாயை மூடுங்கள். சோக்கை ஆஃப் செய்துவிடுங்கள். பிளக் இல்லாமலே ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்து 10, 12 முறை கிக்கரை அடியுங்கள். பெடல் வண்டி என்றால் சென்டர் ஸ்டாண்டில் போட்டு மிதியுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாக வெளியேறும். இதைச் செய்யும்போது சாவி ஆஃபில் இருக்கட்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

பிளக் முனையில் இரண்டு கம்பிக்கு நடுவே கரித்துணுக்கு பாலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பாதி நேரம் கோளாறு இதுதான். உப்புத்தாளை மடித்து நடுவே இழுத்துச் சுத்தம் செய்து, பெட்ரோலில் கழுவித் துடையுங்கள். தீக்குச்சி கொளுத்திக் காய்ச்ச வேண்டாம். இடைவெளி 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் வேண்டும். அளவுகோல் இல்லையா? இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி, அதன் கனம் கிட்டத்தட்ட அதுவேதான்.

இப்போது தீப்பொறிச் சோதனை. பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டின் துடுப்பில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வருகிறது. காய்ந்த துணியால் கேப்பைப் பிடித்துக்கொண்டு, சாவியை ஆன் செய்து அடியுங்கள். பிளக் உடம்பு எங்கும் தொடாமல் அந்தரத்தில் இருக்க அடித்தால் சிடிஐ யூனிட் (தீப்பொறிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி) போய்விடும், அது விலை கூடிய சாமான்.

நீலமாகப் "பட் பட்" என்று வந்தால்: மின்சாரப் பக்கம் சரி. பிளக்கை மாட்டிச் சோக் இல்லாமல் அடியுங்கள். மாட்டும்போது கையாலேயே கடைசிவரை திருகிவிட்டு, ஸ்பேனரில் கால் திருப்புக்குள் நிறுத்துங்கள். ஹெட் அலுமினியம். மரை போனால் லேத் பட்டறைச் செலவு.

செம்மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தால்: வேறு பிளக் போட்டுப் பாருங்கள். பழைய டிவிஎஸ் 50 என்றால் பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) முகத்தை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து, விசிட்டிங் கார்டு ஒன்று இறுக்கமாக நுழையும் அளவுக்கு இடைவெளி வையுங்கள். பாயிண்ட் முகம் நீலம் பாரித்துக் கருகியிருந்தால் பாயிண்டோடு சேர்ந்த கண்டன்சர் போய்விட்டது என்று அர்த்தம். தேய்த்தால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும், பிறகு திரும்பக் கருகும்.

தீப்பொறியே இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்:

1. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள். ஒயர் முனை பச்சை படிந்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி திருகுங்கள். கேப்பே செத்திருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, ஒயரின் உள்கம்பியைப் பிரித்துப் பிளக் தலையில் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் துண்டைச் செருகிக் கட்டுங்கள். எந்த இரும்பிலிருந்தும் ஒரு சென்டிமீட்டராவது தள்ளியே இருக்க வேண்டும். மழை இல்லையென்றால் 20, 30 கிலோமீட்டர் தாங்கும்.

2. சாவி சுவிட்சிலிருந்து சிடிஐக்குப் போகும் ஒயரின் இணைப்பை உருவிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். தீப்பொறி வந்துவிட்டால் குற்றவாளி சாவி சுவிட்ச் அல்லது அந்த ஒயர் எங்கோ உரசிப் பாடியில் தொடுகிறது. உருவிய முனையில் டேப் சுற்றிவிட்டு ஓட்டலாம். ஒன்று மட்டும்: இனிமேல் சாவியால் வண்டி நிற்காது. நிறுத்த, சோக்கை முழுசாக இழுங்கள், மூச்சடைத்து நின்றுவிடும். கூடவே பெட்ரோல் குழாயையும் மூடுங்கள். ஓடும் வண்டியில் பிளக் கேப்பை வெறுங்கையால் பிடுங்கப் போய் ஷாக் வாங்காதீர்கள். சாவி இல்லாமலே யாரும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதால், அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய வேலை இது.

3. மேக்னட் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்திலிருந்து வரும் ஒயர் இணைப்புகள், எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் போகும் எர்த் ஒயர். கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள்.

மூன்றுக்கும் மசியவில்லையென்றால் காயிலோ சிடிஐயோ மேக்னட் காயிலோதான். ரோட்டோரத்தில் செய்ய ஒன்றுமில்லை. தள்ளுங்கள்.

### 1ஆ. பிளக் காய்ந்திருந்தால்

பெட்ரோல் உள்ளே போகவில்லை. கார்ப்ரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் டியூபை உருவிப் பாட்டிலில் பிடித்துக் குழாயைத் திறங்கள்.

சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை. டேங்க் மூடியைத் திறங்கள். உடனே தாராளமாக வந்தால் மூடியின் காற்றோட்டை அடைத்திருக்கிறது. தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசினாகியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். குத்த எதுவும் கிடைக்காவிட்டால், மூடியை அரைப்பூட்டாக வைத்து மெதுவாகப் போகலாம், டேங்க் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் அதுவும் வேண்டாம், தளும்பும். மூடி திறந்தும் வரவில்லையென்றால் குழாயின் சல்லடையில் துரு. சைக்கிள் பம்பை டியூபில் வைத்து எதிர்த்திசையில் டேங்கை நோக்கி இரண்டு அடி அடியுங்கள். அப்போதைக்குத் திறக்கும். அடியில் இருக்கும் துரு எப்போது வேண்டுமானாலும் திரும்ப வந்து உட்காரும், அதனால் இதன் ஆயுள் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம்.

நன்றாக வருகிறது. அப்படியானால் கார்ப்ரேட்டரின் அடிக்கிண்ணம் வரை பிரச்சினை இல்லை, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) அடைத்திருக்கிறது. கிண்ணத்தைக் கழற்றும்போது அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். மண்ணில் விழுந்த ஜெட்டைத் தேடிக் கண்டுபிடித்தவர் குறைவு. மெயின் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். சைக்கிள் பம்பால் ஊதுங்கள், போகவில்லையென்றால் பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒரு மயிர் அல்லது மின்சார ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை. ஊசி, ஊக்கு கூடாது. ஜெட் பித்தளை, ஓட்டை கொஞ்சம் பெருத்தாலும் வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும்.

கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாகத் தனியே நின்றால் தண்ணீர். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் இது சகஜம். கிண்ணத்தைக் காலி செய்து, டேங்கிலிருந்தும் கால் லிட்டர் பிடித்துக் கொட்டிவிட்டு அடியுங்கள்.

## அறிகுறி 2: நன்றாக ஓடி, சூடானதும் நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

இரண்டு பேர்தான் சந்தேகத்துக்குரியவர்கள், இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி. நின்ற அந்த நிமிடத்திலேயே, ஆறவிடாமல் சோதிக்க வேண்டும்.

டேங்க் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் இரண்டு அடியில் எழுந்துகொண்டால் காற்றோட்டை அடைப்பு. மேலே சொன்னதுதான்.

அப்படி இல்லையென்றால் உடனே தீப்பொறி பாருங்கள். சூட்டில் தீப்பொறி இல்லை, 20 நிமிடம் ஆறினால் வருகிறது என்றால் காயிலோ சிடிஐயோ மேக்னட் காயிலோ சூட்டில் விட்டுப்போகிறது. ஈரத்துணியைக் காயில் மேல் போடுவதைப் பலர் செய்கிறார்கள். காயில்தான் காரணம் என்றால் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கும், அவ்வளவுதான். பாரத்தை இறக்கி, பாதி ஆக்சிலேட்டரில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டுப் போங்கள். ஒவ்வொரு முறையும் ஓடும் தூரம் குறைந்துகொண்டே வரும். அதை வைத்தே வீடு எவ்வளவு தூரம், பட்டறை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுங்கள்.

ஆறின பிறகும் கிக்கர் கல்லு மாதிரி நின்றால் அது இந்த வகை இல்லை. அடுத்ததைப் படியுங்கள்.

## அறிகுறி 3: "கீச்" என்று சத்தம் வந்து நின்றது, கிக்கர் இறங்கவில்லை

பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பெட்ரோலில் ஆயில் ஊற்ற மறந்திருப்பீர்கள், அல்லது கலக்காமல் ஊற்றி ஆயில் அடியில் தங்கியிருக்கும், அல்லது கார்ப்ரேட்டர் இணைப்பில் காற்று இழுக்கிறது.

தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான அலுமினியம் விரிசல் விடும். கிக்கரின் மேல் ஏறிக் குதிக்காதீர்கள்.

அரைமணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே 10 மிலி டூ-டி ஆயில் விட்டு, பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு கிக்கரைக் கையால் அழுத்தி ஆட்டி ஆட்டிப் பாருங்கள். இளகினால் பிளக் இல்லாமல் இருபது முறை மெல்லச் சுற்றி, கூடுதல் ஆயிலை வெளியே தள்ளிவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். டேங்கில் லிட்டருக்கு 20 மிலி என்ற வழக்கமான கணக்கை இந்த ஒரு பயணத்துக்கு 40 ஆக்கிக்கொள்ளலாம். புகை வரும், வரட்டும். ஆயிலை ஊற்றியதும் மூடியைப் பூட்டி வண்டியைப் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்குங்கள்.

டூ-டி ஆயில் கிடைக்காத இடத்தில் பைக்குக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில் ஒரு டேங்குக்கு மட்டும் தாங்கும். பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இளகிய வண்டி ஓடினாலும் சிலிண்டரில் கோடு விழுந்திருக்கும். பட்டறையில் ஹெட்டைத் திறந்து பார்க்காமல் அதில் மறுபடி பாரம் ஏற்றக் கூடாது. இளகவில்லையென்றால் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) பிஸ்டன் மாற்றும் வேலை, ரோட்டில் அடம்பிடித்துப் பயனில்லை.

## அறிகுறி 4: ஆக்சிலேட்டர் தொடாமலே எஞ்சின் கத்துகிறது

மற்றதெல்லாம் உங்களை நிறுத்தி வைக்கும், இது உங்களை இழுத்துக்கொண்டு போகும். இந்த வண்டியில் கிளட்ச் லிவர் இல்லை. எஞ்சின் வேகம் கூடினால் சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். உடனே சாவியை ஆஃப் செய்து, பிரேக்கை விடாமல், சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் கத்தினால் கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது. வழியை மாற்றிக் கட்டினால் முடிந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் திரும்பி வரவில்லையென்றால், கேபிளின் மேல்முனையில் இரண்டு சொட்டு டூ-டி ஆயில் விட்டு ஆட்டுங்கள்.

இரண்டும் இல்லை, தானாகவே ஏறி இறங்குகிறது என்றால் கார்ப்ரேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில் காற்று இழுக்கிறது. போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையை அந்த இணைப்பில் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். நுரை உள்ளே இழுபட்டால் அதே இடம். நடுவில் இருக்கும் கேஸ்கெட் அட்டை கிழிந்திருந்தால் தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டையை அதே வடிவில் வெட்டுங்கள். ஓட்டைகளைப் போல்ட்டின் முனையை வைத்து அழுத்தி அச்செடுத்தால் சரியாக வரும். இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, இரண்டு போல்ட்டையும் மாறி மாறி முறுக்குங்கள். ஜிகினா, மேட்டு எழுத்து உள்ள பகுதி வேண்டாம், வழவழப்பான பின்பக்க அட்டையை எடுங்கள். இரண்டு மூன்று நாள் தாராளமாகத் தாங்கும். இதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் அறிகுறி 3 தானாக வந்து சேரும்.

## அறிகுறி 5: பெட்ரோல் ஒழுகுகிறது

எங்கிருந்து ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் குழாயை மூடி, எஞ்சின் ஆறட்டும்.

டியூப் முனையில் என்றால், டியூப் அந்த ஓரத்தில்தான் வெடிக்கும். வெடித்த ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி செருகிக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். நீளம் போதாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் டியூப் ஆபத்துக்கு உதவும். இரண்டு நாளில் கட்டையாகி வெடிக்கும் என்பதால் வாங்கும்போதே நல்ல டியூபுக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் டியூபைப் பெட்ரோல் பட வைக்காதீர்கள், ஊறி உப்பிப் பிய்ந்துவிடும்.

டேங்கில் ஊசிமுனை ஓட்டை என்றால், இங்கேதான் அந்தத் துணி சோப்பு. ஈரம் படாத சோப்பை ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்து அடைத்து, மேலே துணி வைத்து டேப் சுற்றுங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும்; மழை வந்தால் போச்சு. எம்-சீல் ஒழுகும் ஈரத்தின் மேல் ஒட்டாது, டேங்க் காலியாகிக் காய்ந்த பிறகுதான் பிடிக்கும். ஓட்டையை வெல்டிங் வைப்பது அனுபவமுள்ள கைக்கு மட்டும்: காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட வெடிக்கும்.

கார்ப்ரேட்டரிலிருந்து ஓவர்ஃப்ளோ என்றால், திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். ஊசியில் மாட்டிய தூசி விலகினால் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் கிண்ணத்துக்குள் மிதக்கும் ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் மேலோ சைலன்சர் மேலோ சொட்டினால் ஓட்ட வேண்டாம். இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

## அறிகுறி 6: எஞ்சின் ஓடுகிறது, இழுவை இல்லை

எஞ்சின் குரல் அடங்கி, மூச்சுமுட்டுவது போல் இருந்தால் சைலன்சரில் கரி. புகை வரும் வாயில் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், ஊதும் வேகம் தெரியாது. உள்குழாயைப் பின்பக்கம் உருவ முடிந்த சைலன்சர் என்றால் உருவிக் கம்பியால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தற்காலிக வேலை அல்ல, மண்ணைத் தின்னக் கொடுப்பது. பெட்ரோலில் அலசிப் பிழிந்து மாட்டினால் போதும்.

எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் செயின் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செயின் இருக்க, மேட்டில் மட்டும் வழுக்கினால் கிளட்ச் ஷூ தேய்ந்தது அல்லது ஆயில் சீல் கசிந்து ஷூ நனைந்தது. பாரத்தை இறக்கி, மேட்டில் தள்ளி ஏற்றிப் போங்கள். கருகிய வாடை வந்தால் நிறுத்துங்கள்.

## அறிகுறி 7: செயின் அறுந்தது

லாக் மட்டும் விழுந்திருந்தால் புதுசு போடுங்கள். கிளிப்பின் மூடிய வாய் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல்பக்கச் செயினில் முன்பக்கம். திருப்பிப் போட்டால் ஒரு கல்லில் இடித்தே கழன்றுவிடும். கிளிப் மட்டும் தொலைந்திருந்தால் மெல்லிய கம்பியை இரண்டு முள்ளின் பள்ளத்திலும் எட்டுப் போலச் சுற்றி முறுக்கினால், மிதமான வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் போகும்.

வெளித்தகடு உடைந்திருந்தால் அந்தக் கண்ணியை எடுத்துவிட்டு அதே இடத்தில் லாக் போடலாம், நீளம் குறையாது. உள்கண்ணி உடைந்திருந்தால் அதோடு இரண்டு பக்க வெளிக்கண்ணியும் சேர்த்து எடுத்து, லாக்கால் இணையுங்கள். செயின் இரண்டு கண்ணி குறையும். பின்சக்கர நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை ஒரு கண்ணி நீளம், சுமார் அரை அங்குலம், முன்னே தள்ளினால் சேர்ந்துவிடும். முள்ளைத் தட்டி எடுக்க எந்தச் சைக்கிள் கடையிலும் பஞ்ச் இருக்கும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே அளவில் நிற்கிறதா, பின்பிரேக் கம்பி சரியாக இருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கும் மாறும், இதை மறப்பவர்கள் அதிகம்.

கண்ணிக்குப் பதில் கட்டுக்கம்பி கட்டி ஓட்டுவதைப் பார்க்க முடிகிறது. அறுந்தால் செயின் சுருண்டு பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். வேண்டாம்.

## அறிகுறி 8: கேபிள் அறுந்தது

ஆக்சிலேட்டர் கேபிள் பெரும்பாலும் கைப்பிடிப் பக்கத்தில், நிப்பிளை ஒட்டி அறுகிறது. கேபிள் அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகினால் ஒரு சென்டிமீட்டர் போல உள்கம்பி கூடுதலாக வெளிவரும். பிரிந்த இழைகளை முறுக்கி, ஸ்க்ரூ நிப்பிளில் நுழைத்து இறுக்குங்கள். ஹேண்டிலை இடவலமாகக் கடைசிவரை திருப்பி எஞ்சின் கத்தவில்லை, கையை விட்டதும் "டக்" என்று திரும்புகிறது என்று உறுதியான பிறகே ஏறுங்கள். ஒருநாள் ஓட்டலாம்.

கார்ப்ரேட்டர் பக்கம் அறுந்தால் ஸ்க்ரூ நிப்பிள் உள்ளே நுழையாது. ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்து ஓட்டும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். கிளட்ச் லிவர் இல்லாத வண்டியில் அது பிரேக்கோடு மல்லுக்கட்டுவதுதான்.

பிரேக் கேபிளுக்கு ஒட்டு கிடையாது. பின்பிரேக் அறுந்தால் பாரத்தை இறக்கி, முன்பிரேக்கை வைத்து நடைவேகத்தில் அடுத்த கடை வரை. இறக்கத்தில் இறங்கித் தள்ளுங்கள். முன்பிரேக் அறுந்தாலும் இதேதான். சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள், இந்த வண்டியின் பாரத்துக்கு அதன் நிப்பிள் உருவிக்கொள்ளும்.

## அறிகுறி 9: டயரில் காற்று இறங்குகிறது

பஞ்சர் என்று முடிவு கட்டும் முன் வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். முட்டை விட்டால் வால்வு பின்தான் தளர்ந்திருக்கிறது.

ஆணி இருந்தால், பிடுங்கும் முன் டயரில் சாக்பீஸாலோ செங்கல் துண்டாலோ அந்த இடத்தைக் குறியுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஒருபக்க டயர் ஓரத்தை மட்டும் நெம்பித் தூக்கி, குறித்த இடத்து டியூபை வெளியே இழுத்தால் போதும். ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிடப் பெரிதாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு மூன்று நான்கு நிமிடம் காயவிட்டு ஒட்டை அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டியது வெயிலில் கழன்றுவிடும். டயருக்குள் விரலை விட்டுத் தடவி ஆணியின் மிச்சம் இல்லை என்று பாருங்கள். துணி வைத்துத் தடவினால் கை கிழியாது.

டயரே கிழிந்து டியூப் பிதுங்கினால், பழைய டயரின் ஓரத்துண்டு ஒன்றை உள்ளே வைத்துக் காற்றைக் குறைவாக அடியுங்கள். 20 கிலோமீட்டருக்குள் டயர் மாற்ற வேண்டும். முன் டயர் என்றால் அந்த 20-ம் கிடையாது.

ஒட்டு, சொல்யூஷன் எதுவும் இல்லாத காட்டில் டயருக்குள் வைக்கோலை இறுக்கித் திணிப்பது பழைய வழி. ரிம் நசுங்காமல் காப்பாற்றும். தள்ளிக்கொண்டு போக மட்டும், ஏறி உட்கார அல்ல.

## அறிகுறி 10: லைட் பியூஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது

பேட்டரி இல்லாத பழைய வண்டியில் முன்பல்பு போனால் முழுக் கரண்டும் பின்பல்புக்குப் பாய்ந்து அதையும் தின்றுவிடும். முன்பல்பு போனது தெரிந்ததும் லைட் சுவிட்சை அணைத்துவிடுங்கள். புதுப்பல்பு போட்டும் வேகம் கூடும்போதெல்லாம் போனால் ரெகுலேட்டர் அல்லது எர்த். எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டிப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லையென்றால் எலக்ட்ரீஷியன்.

டார்ச்சை ஹேண்டிலில் சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு ஊருக்குள் மெதுவாக வரலாம். பின்னால் எதுவும் எரியாத வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். லாரி ஓட்டுநருக்கு உங்கள் டார்ச் தெரியாது.